வெட்டிக் கொடுத்த கேக்

செம்பாக்கத்தில் ஜஹீராவிடம் கேக் சொல்லுகிறவர்கள் கத்தியைத் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. பெட்டியின் ஓரத்தில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கத்தியை அவளே செருகிவிடுவாள். வீட்டு ஹாலில் பாதியை ஓவனுக்கும் ஃபிரிட்ஜுக்கும் விட்டுக்கொடுத்துப் பல வருஷமாக இந்தத் தொழில் செய்கிறாள். கத்தி வேண்டாமென்று முதன்முதலாகச் சொன்னவன் ஹர்ஷாதான்.

ஹர்ஷா, அவள் மகன் ஷாகுலோடு காட்டாங்குளத்தூரில் கல்லூரி முதல் வருஷம் படிக்கிறவன். அன்று காலை போனில் பேசினான்.

"இன்னிக்கு என் பர்த்டே, ரெண்டு கிலோ ஆன்ட்டி. மேல சிவப்பா வழியற மாதிரி. கத்தி வைக்காதீங்க, எங்ககிட்டயே இருக்கு."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஜஹீராவுக்குத் தெரியும். பக்கத்து அறையில் தினமும் கேட்கிற ஷாகுலின் சிரிப்பு.

போனை வைத்துவிட்டு நேராக மோட்டார் ரூமுக்குப் போனாள். தேங்காய் வெட்டுகிற அருவாள், பிடியில் பச்சை டேப் சுற்றியது, ஆணியில் இல்லை.

அருவாளால் கேக் வெட்டி வீடியோ போட்ட பையன்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனதைச் செய்தியில் பார்த்திருக்கிறாள். முகத்தை மூடிக்கொண்டு வேனில் ஏறினார்கள். வாசலில் நின்று அழுத அம்மாக்களின் முகத்தை மட்டும் யாரும் மூடவில்லை. இவர்கள் மாட்டினால் எல்லார் பேரும் வரும். அதில் எந்தப் பேரைப் பெரிதாகப் போடுவார்கள் என்பதை அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

எல்லாம் அந்தப் படத்துக்கப்புறம்தான். குடும்பத்தோடு தாம்பரத்தில் போய்ப் பார்த்தார்கள். கதாநாயகன் வரிசையாக வெட்டிச் சாய்த்தபோது அவளும்தான் கை தட்டினாள். வெளியே வந்ததும் அவள் மறந்துவிட்டாள், ஷாகுல் மறக்கவில்லை. போன் அடித்தால் அந்தப் படத்து இசை. சாப்பிடக் கூப்பிட்டால் கழுத்தைச் சாய்த்து மெதுவாக ஒரு பார்வை. தங்கை மெஹ்னாஸ் ரிமோட்டை எடுத்தால், "வெச்சிடு. தூக்கிடுவேன்" என்பான். அவள், "முதல்ல உன் தட்டைத் தூக்குடா" என்பாள். வீடே சிரிக்கும். ஜஹீராவும் சிரித்திருக்கிறாள்.

கேட்டால் இல்லையென்று சாதிப்பான். கேக் தரமாட்டேனென்றால் வேறு கடை இருக்கிறது. ஹார்டுவேர் கடையிலிருக்கும் தன் புருஷனிடம், அவன் அத்தாவிடம், சொன்னால் முதலில் கைதான் பேசும். கேக்கின் மேல் சிவப்பு கிரீமை வழியவிட்டாள். ஃபிரிட்ஜில் வைத்தவள், கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப வெளியே எடுத்தாள்.

சாயங்காலம் ஸ்கூட்டரில் அவளே ஏரிக்கரைக்குக் கொண்டு போனாள். ஷாகுலையும் ஹர்ஷாவையும் சேர்த்து நாலைந்து பையன்கள். ஒருவன் போனை உயர்த்திப் பிடித்துத் தயாராக இருந்தான். ஷாகுலின் காலடியில் ஒரு சாக்குப்பை.

ஹர்ஷா பெட்டியைத் திறந்தான்.

"என்ன ஆன்ட்டி இது? துண்டு போட்டே கொண்டு வந்துட்டீங்க?"

"கையெல்லாம் கிரீம் பண்ணிப்பீங்க. எடுத்து அப்படியே சாப்பிடலாம்ல."

"மச்சான், ரீல்ஸ் போச்சுடா" என்றான் போன் பிடித்தவன். "அருவாளை வெச்சு டிஷ்யூதான் வெட்டணும்."

எல்லாரும் சிரித்தார்கள், ஷாகுலைத் தவிர. அவன் கழுத்தைச் சாய்த்து அம்மாவைப் பார்த்தான். அதே பார்வை. வீட்டில் சிரிப்பு வந்தது, இங்கே வரவில்லை. தான் பெற்ற பிள்ளையைப் பார்த்து அன்றுதான் முதன்முறை பயந்தாள். பயத்தை விழுங்கிக்கொண்டு ஒரு துண்டை எடுத்து ஹர்ஷாவுக்கு ஊட்டினாள்.

"நல்லா இருடா கண்ணா. எல்லாரும் எடுத்துக்குங்க, பெட்டி எனக்கு வேணும்."

வளர்ந்த பையன்கள் குழந்தைகள் மாதிரி விரலை நக்கித் தின்றார்கள். காலியான பெட்டியைத் துடைத்து ஷாகுலிடம் நீட்டினாள்.

"அதை இதுக்குள்ள வை. வீட்டுக்குப் போலாம்."

அவன் நண்பர்களைப் பார்த்தான். யாரும் இவனைப் பார்க்கவில்லை. குனிந்து சாக்கை அவிழ்த்தான். குறுக்காக வைத்தபோதுதான் அருவாள் பெட்டிக்குள் அடங்கியது.

ஸ்கூட்டரை அவன் ஓட்டினான். அவள் பெட்டியை மடியில் வைத்துப் பின்னால் உட்கார்ந்தாள். மெயின் ரோடு திரும்பினதும் தடுப்பு வைத்து வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். திரும்ப வழியில்லை.

"லைசென்ஸ்" என்றார் போலீஸ்காரர். ஷாகுல் எடுத்துக் கொடுத்தான்.

"பெட்டில என்னம்மா?"

"கேக்கு சார்." ஓரத்தில் ஒட்டியிருந்த சிவப்பு கிரீமை விரலால் வழித்தாள். "பிள்ளையோட ஃப்ரெண்டுக்குப் பிறந்தநாள்."

அவர் பெட்டியைப் பார்த்தார், பிறகு ஷாகுலை. "ஏம்ப்பா இப்படி வேர்க்குது உனக்கு?"

"காய்ச்சல் சார் அவனுக்கு. வீட்டுக்குத்தான் போறோம்."

"அப்போ பார்த்துப் போங்க."

கொஞ்ச தூரம் போனதும் வண்டி தள்ளாடி ஓரமாக நின்றது. ஷாகுல் இரண்டு காலையும் தரையில் ஊன்றினான்.

"வீடியோவுக்குத்தாம்மா" என்றான். "யாரையும் எதுவும் பண்ணல."

"இறங்கு. நான் ஓட்டறேன்."

பெட்டியை அவனிடம் கொடுத்தாள். அவன் இரண்டு கையாலும் உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்தபடி பின்னால் உட்கார்ந்தான். வண்டி கிளம்பியதும் அவன் பாக்கெட்டில் போன் அடித்தது. அந்தப் படத்து இசை. நிறுத்த வேண்டுமென்றால் ஒரு கையை எடுக்க வேண்டும், அவன் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. ஜஹீரா பக்கத்துக் கண்ணாடியில் அவன் முகத்தைத் தேடினாள். பெட்டி மறைத்துக்கொண்டிருந்தது.