கல் சிங்கத்துக்கு ஒரு முத்தம்

ஸ்பெயின் எந்த இடத்தில் தொடங்கியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதைப் பார்ப்பதற்காகவே காரின் பின் இருக்கையில் கண்ணாடியோடு மூக்கை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புதுச்சேரியில் வளர்கிற பிள்ளைக்கு எல்லை என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கனகசெட்டிக்குளத்தில் சாராயக் கடைகள் நெருங்கி வரும். அதைத் தாண்டினால் போலீஸ்காரர் பஸ்ஸில் ஏறிப் பைகளைத் தடவிப் பார்ப்பார். இரண்டு நாடுகளுக்கு நடுவே இதைவிடப் பெரிதாக ஏதாவது இருக்கும் என்று நம்பினேன்.

"எல்லை எப்ப வரும் அத்த?"

"அது போயி கால் மணி நேரம் ஆச்சு," என்றாள் அத்தை, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அத்தை, அப்பாவின் அக்கா. அவளைக் கட்டியவர் சொல்தா வீட்டுப் பிள்ளை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களின் குடும்பங்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். கல்யாணம் முடிந்த கையோடு பிரான்ஸுக்குப் போன அத்தை, ஸ்பெயினை ஒட்டிய பெர்பிஞானில் முப்பது வருஷமாகக் குடியிருந்தாள். பிள்ளைகள் இல்லை. நாங்கள் போவதற்கு முந்தின வருஷம் மாமா இறந்துவிட்டார்.

எனக்கு அப்போது பத்து வயது. நாங்கள் அங்கே போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல, அத்தையைக் கூட்டிவர. அரியாங்குப்பத்தில் எங்கள் வீட்டு மாடியில் அவளுக்காக ஒரு அறை கட்டி, பச்சை பெயின்ட் அடித்து, அவள் முட்டிவலிக்குத் தோதாக வெஸ்டர்ன் டாய்லெட்டும் வைத்தாகிவிட்டது. அவளிடம் சொல்வது ஒன்றுதான் பாக்கி. வந்து ஒரு வாரமாகியும் அப்பா வாயைத் திறக்கவில்லை. அன்று காலை எனக்குத் தலை பின்னிக்கொண்டே அம்மா சொன்னாள்: "இன்னிக்குப் போற எடத்துல நீயே கேட்டுடு. நீ கூப்ட்டா அத்த மாட்டேன்னு சொல்லாது."

நாங்கள் போன ஜிரோனா மிகப் பழைய ஊர். நடுவே ஒரு ஆறு. அதன் இரு கரையிலும் மஞ்சளும் காவியுமாக வீடுகள் தண்ணீரை எட்டிப் பார்த்தபடி நின்றன. சன்னல்களில் துணி காய்ந்தது. "நம்ம பெரிய வாய்க்கா மாரியே இருக்குது, நாத்தம் மட்டும் இல்ல," என்றாள் அம்மா. ஆற்றைத் தாண்டினால் கல் சந்துகள், படிகள், மறுபடியும் சந்துகள். சுவர் ஏன் இவ்வளவு தடிமன், இந்தக் கதவுக்குள் இப்போது யார் இருக்கிறார்கள், இத்தனை படி ஏறி அவர்கள் வீட்டுக்கு பிரிட்ஜ் எப்படி வந்தது என்று நான் கேட்டுக்கொண்டே நடந்தேன். அத்தை ஒவ்வொன்றுக்கும் நின்று பதில் சொன்னாள். பிரிட்ஜ் விஷயம் மட்டும் அவளுக்கும் தெரியவில்லை.

ஒரு சந்தின் முனையில் சின்ன ரொட்டிக் கடை இருந்தது. உள்ளே இருந்த வயதான அம்மாள் அத்தையைப் பார்த்ததும் சிரித்து, தன் தலைக்கு மேலே கையை உயர்த்தி ஏதோ கேட்டாள். அந்த உயரமானவர் எங்கே என்று கேட்கிறாள் என்பது எனக்கே புரிந்தது. மாமா நல்ல உயரம். அத்தை, இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். அந்த அம்மாள் கையிலிருந்த ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்து அத்தையைக் கட்டிக்கொண்டாள். வெகுநேரம் விடவில்லை. ரொட்டி வாங்க நின்றவர்களும் அவசரப்படுத்தவில்லை.

"அவங்க நமக்குச் சொந்தமாப்பா?" என்று கேட்டேன். அப்பா எதிர்ச் சுவரோரம் போய் நின்றுகொண்டார். அத்தையின் கறுப்புக் கோட்டின் முதுகில் இரண்டு மாவுக் கைகள் பதிந்திருந்தன. அம்மா தட்டிவிடப் போனாள். "இருக்கட்டும், விடு," என்றாள் அத்தை.

கொஞ்சம் தள்ளி, ஒரு பழைய சர்ச்சுக்குப் பக்கத்தில், தூணில் ஒரு கல் சிங்கம் தொற்றிக்கொண்டிருந்தது. அங்கே வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் படியேறி அதன் பின்புறத்தில் முத்தம் கொடுத்தார்கள். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"இதுக்கு முத்தம் குடுத்தவங்க இந்த ஊருக்குத் திரும்பி வருவாங்களாம்," என்று சொல்லிவிட்டு அத்தையும் போய் வரிசையில் நின்றாள்.

எனக்குப் பதறிவிட்டது. ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன். "நீ குடுக்காத அத்த. எங்க வீட்டு மாடியில ஒனக்கு ரூம் கட்டி வச்சிருக்கோம். பச்ச பெயின்ட்டு. நீ எங்களோட வந்துடணும். இங்க திரும்பி வந்துட்டா எப்படி?"

அத்தை என்னைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார்.

"பச்சையா? நல்லாதான் இருக்கும்," என்றாள். ஆனால் வரிசையை விட்டு வரவில்லை.

அவள் முறை வந்தபோது முட்டி மடங்காமல் இரண்டாவது படியில் தடுமாறினாள். "வேணாம் அண்ணி, எறங்கிடுங்க," என்றாள் அம்மா. அப்பாதான் பக்கத்தில் போனார். "புடிச்சிக்கக்கா," என்று தோளைக் கொடுத்தார். அத்தை அதில் கை ஊன்றி ஏறி, கண்ணை மூடிக்கொண்டு கல்லில் முத்தம் கொடுத்தாள். அவள் இறங்கிய பிறகும் அப்பா கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

திரும்பும்போது காரில் அப்பா இப்போது கேட்பார், இப்போது கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டார்தான். குளிர்காலத்தில் ஹீட்டர் ஒழுங்காக வேலை செய்கிறதா, காய்ச்சல் வந்தால் யார் வந்து பார்ப்பார்கள், முட்டிக்கு டாக்டர் என்ன சொன்னார் என்று. அத்தை கீழ்வீட்டுக்காரியைப் பற்றி, மருந்துக்கடையைப் பற்றி, ஞாயிற்றுக்கிழமைகளில் மாமாவின் கல்லறைக்குப் போகும் பஸ்ஸைப் பற்றி நிதானமாகச் சொல்லிக்கொண்டே ஓட்டினாள். இவ்வளவு தூரம் வந்துவிட்டு அப்பா ஹீட்டர் பேசிக்கொண்டிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

"ரூம பத்திக் கேளுப்பா," என்றேன்.

"அதான் நானும் அத்தையும் பேசிட்டோமே," என்றார் அப்பா.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் என் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் தூங்கின நேரத்தில்தான் பேசியிருப்பார்கள் என்று முடிவு செய்துகொண்டேன். ஆனால் அன்று முழுக்க நான் ஒரு நிமிஷம்கூடத் தூங்கவில்லை.