தானாக ஏறிய ஃபேடர்

இன்று மாலை தாராவியில் எங்கள் சர்ச் ஹாலில் பாடகர் குழுவின் நிகழ்ச்சி. புது டிஜிட்டல் சவுண்டு மிக்சரில் நான்தான் உட்கார்ந்திருந்தேன்.

முதல் பாட்டிலேயே ஜெசிந்தா அக்காவின் மைக் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர் பொத்தான் தானாக மேலே ஏறியது. இறக்கினேன். மறுபடி ஏறியது. அழுத்திப் பிடித்தால் விரலைத் தள்ளிக்கொண்டு ஏறியது. மற்றவர்கள் வெறுமனே வாயசைப்பதுபோல் இருந்தது. கடைசியில் ஸ்பீக்கர் கீச்சென்று அலறி, முன்வரிசைக் குழந்தைகள் அழ ஆரம்பித்தன.

மெஷின் கெட்டுவிட்டது என்று வியர்த்துப்போய் நிமிர்ந்தேன். மூன்றாம் வரிசையில் அக்காவின் கணவர் செல்வராஜ் அண்ணன் குனிந்து போனைத் தடவிக்கொண்டிருந்தார். எழுந்து போய்ப் பார்த்தால், திரையில் என் மிக்சரின் ஃபேடர்கள்!

"அண்ணே, என்ன செய்யுதிய?"

"அவ சத்தமே கேக்கலல்லா தம்பி. அதான் லேசா ஏத்திவிட்டேன். டென்ஷன் மத் லோ, பதறாத."

மிக்சரின் வைஃபை பாஸ்வேர்டைச் சர்ச் செயலாளர் பாடகர் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறாராம். அவசரத்துக்கு உதவுமாம்!

இடைவேளையில் பாஸ்வேர்டை மாற்றினேன். அதற்குப் பிறகு எல்லாக் குரலும் சேர்ந்து அவ்வளவு அழகாக வந்தது.

முடிந்ததும் ஜெசிந்தா அக்கா நேராக என்னிடம் வந்தார். பாராட்டத்தான் வருகிறார் என்று எழுந்து நின்றேன்.

"முதல் பாதி நல்லாத்தான இருந்துச்சு தம்பி. பொறவு ஏன் கெடுத்துட்ட?"

பக்கத்தில் அண்ணன் ஃபேனை அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

உண்மையைச் சொல்லி அவர்கள் வீட்டில் சண்டை மூட்டவா, இல்லை சவுண்டு தெரியாதவன் என்ற பெயரை நானே வாங்கிக்கொள்ளவா? நீங்களே சொல்லுங்கள்.