ஹலோ அக்காவின் குரல்

எண்களை அழுத்துவதற்கு முன் ஒரு மிடறு வெந்நீர். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, எதிர்முனையில் யாருமே இல்லாத ரிசீவரிடம், "ஹலோ, வணக்கம்" என்று ஒருமுறை சொல்லிப் பார்ப்பார். சரியாக விழவில்லை என்றால் இன்னொரு மிடறு, இன்னொரு ஹலோ. திருப்தி வந்த பிறகுதான் விரல் எண்களைத் தொடும். இசை அரங்கத்தின் அலுவலகத்தில் அவருக்கு 'ஹலோ அக்கா' என்று பெயர் வந்தது இப்படித்தான். சுவருக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள்கூட இரண்டாம் நாளே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

அரங்கத்தில் ஆண்டுச் சந்தா கட்டுகிறவர்களுக்கு நிரந்தரமாக ஓர் இருக்கை உண்டு. அவர்களை அழைத்து, அடுத்த கச்சேரி என்றைக்கு, யார் வாசிக்கிறார்கள் என்று சொல்வது அக்காவின் வேலை. சொல்ல அரை நிமிடம் போதும். ஆனால் போனை எடுப்பவர்கள் பெரும்பாலும் தனியாக இருக்கும் வயதானவர்கள். முட்டிவலி, மாடிப்படி, மருமகள், பூனைக்குப் போட்ட ஊசி என்று பேச்சு எங்கெங்கோ போய்வரும். அக்கா 'ம்' கொட்டுவார். அதில் பல ரகம் உண்டு. 'ஐயோ பாவம்' என்று ஒரு 'ம்', 'அப்புறம்?' என்று ஒரு 'ம்'. 'போதும், எனக்கு வேலை இருக்கிறது' என்கிற 'ம்' மட்டும் அவரிடம் கிடையாது.

சங்கீதத்தில் அவருக்குப் பெரிய ஈடுபாடு என்று யாராவது நினைத்தால் பதறிவிடுவார். "எனக்கு ஒரு எழவும் புரியாதுப்பா. உள்ள போய் உக்காந்தா கண்ணு சொக்கிடும்." ஆனால் கச்சேரி தொடங்குமுன் எல்லோரும் சேர்ந்து சுருதி சேர்க்கிறார்களே, அந்தச் சத்தம் பிடிக்கும். "ஒரு வீட்டு ஆளுங்க எல்லாம் கத்தி சண்டை போட்டு, கடைசில சமாதானம் ஆகுற மாதிரி இருக்கும். அது போதும் எனக்கு. எந்திரிச்சு வந்துடுவேன்."

கனத்த சரீரம், நரைத்த தலை, கீழ்வரிசையில் பாதி பொய்ப்பல். குரலுக்கு மட்டும் வயது இருபதைத் தாண்டவில்லை. நேரில் பார்த்திராத உறுப்பினர்கள், கல்லூரி முடித்த சின்னப் பெண் பேசுவதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவர், அக்காவை 'பாப்பா' என்பார். "பாப்பா, ராத்திரி பல்லு தேய்க்கிறியா?" "தேய்க்கிறேன் சார்." அக்கா பொய் சொல்லவில்லை, பொய்ப்பல்லைக் கழற்றித் தேய்க்கத்தான் செய்கிறார். டாக்டருக்கு வலது காது அடைத்துப் பல வருடமாயிற்று. மூன்றாம் வரிசையின் வலது ஓரத்தில் உட்கார்ந்தால்தான் நல்ல காது மேடைப் பக்கம் இருக்கும். "அந்த நாற்காலி இல்லேன்னா எனக்குக் கச்சேரியே இல்ல பாப்பா" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார்.

ஆனால் நாற்காலிகள் காலியாகிக்கொண்டே வந்தன. சில வீடுகளில் மணி அடித்து ஓயும். சில வீடுகளில் வேறு யாரோ எடுத்து, "அவங்க தவறிட்டாங்களே, உங்களுக்குத் தெரியாதா?" என்பார்கள். அன்றைக்கு முழுவதும் அக்காவின் ஹலோ சரியாக விழாது.

புதிதாக வந்த டைரக்டர் மேடம் சின்னப் பெண், கெட்டிக்காரி. "காலி நாற்காலிக்கு எவ்வளவு நாளைக்கு வாசிக்கிறதுக்கா?" என்று கேட்டார். முன்வரிசைகளைப் பெயர்த்தெடுத்து நின்று கேட்க இடம் விட்டார்கள். கச்சேரி ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. வேண்டியவர்கள் போனில் படம் பிடிக்கலாம் என்றார்கள். நிரந்தர இருக்கை என்பதே இல்லாமல் போயிற்று. ஜீன்ஸ் போட்ட பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். "பொய் சொல்லக் கூடாது. பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் அக்கா.

அதன் பிறகு மேடம் இன்னொன்று கேட்டார். "எல்லாருக்கும் உங்க குரல்தான் பழக்கம். பதிவு பண்ணி வெச்சுட்டா மெஷினே கூப்பிட்டுப் பேசிடும். நீங்க தொண்டை கிழியக் கத்த வேணாமே!" சிரித்துக்கொண்டே கேட்பவரிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது? கதவையும் ஜன்னலையும் அடைத்த சின்ன அறையில் அக்காவை உட்கார வைத்தார்கள். வாழ்த்து, நன்றி, நினைவூட்டல் என்று வரிசையாகப் படித்தார். 'தங்களுக்கு இனி தனி இருக்கை ஒதுக்க இயலாது' என்ற வரி வந்தபோது, ஒலிப்பதிவு செய்தவர், "கொஞ்சம் வருத்தமா சொல்லுங்கக்கா" என்றார். அக்காவுக்கு வருத்தம் தானாகவே வந்தது. முதல் தடவையிலேயே சரியாக அமைந்துவிட்டது.

வீட்டில் தங்கை இதைக் கேட்டுவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள். "தொண்டையக் கழட்டிக் கொடுத்துட்டு வந்திருக்கியேக்கா!"

"சம்பளம் வருதில்லடி."

"வரும், வரும். நாளைக்கு உன்ன எங்க உக்கார வெப்பாங்க?"

வாசல் கூடத்தில், பைகளையும் குடைகளையும் வாங்கி வைத்து டோக்கன் தரும் கவுண்டரில் உட்கார வைத்தார்கள். அங்கே பேச அவசியமில்லை. இரண்டு பக்கமும் கை நீட்டினால் காரியம் முடிந்தது. வெந்நீர் பிளாஸ்க்கை அக்கா வீட்டிலேயே விட்டுவிட்டு வரத் தொடங்கினார்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலை. கூட்டமெல்லாம் உள்ளே போன பிறகு, உயரமான கிழவர் ஒருவர் சொட்டச் சொட்டக் கவுண்டருக்கு வந்தார். அக்கா அவரை முன்பின் பார்த்ததில்லை. வாயைத் திறந்ததுமே பல் டாக்டர் என்று தெரிந்துவிட்டது.

"ஏம்மா, இங்க போன்ல பேசுற பாப்பா ஒண்ணு இருக்குமே, கொஞ்சம் கூப்பிட முடியுமா?"

அக்கா டோக்கன் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"திட்ட வரலம்மா. சீட்டு போனா போகட்டும். என் மேல என்ன கோவம்னு கேக்கணும். நான்பாட்டுக்கு என் காதப் பத்தி சொல்லிக்கிட்டே இருக்கேன். அது 'நன்றி, வணக்கம்'னு சொல்லிட்டு வெச்சிடுச்சு. திரும்பக் கூப்பிட்டா எடுக்கவும் இல்ல. அப்படிப்பட்ட பொண்ணு இல்லம்மா அது."

உள்ளே கைதட்டல் கேட்டது. ஒரு சொல் போதும், ஒரு 'சார்' போதும், அவருக்குத் தெரிந்துவிடும். சின்னப் பெண் என்று யாரும் இல்லை என்பதும் தெரிந்துவிடும். இவ்வளவு நாள் பேசிய இதே வாய்தான் அந்த வரியையும் படித்தது என்பதும் தெரிந்துவிடும்.

"உள்ள இருக்கா அது?"

அக்கா கவுண்டருக்கு மேலாகக் கையை நீட்டி, அவர் கையிலிருந்த ஈரக் குடையை வாங்கிக்கொண்டார். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார்.