ஓணத்துக்குப் பூட்டாத கோர்ட்

கேரள எல்லையோரம் பாறசாலையில் எனக்கு வீடு. நெய்யாற்றின்கரையில் வக்கீல் தொழில். எல்லைக்கு அப்பால் குழித்துறை கோர்ட்டிலும் ஒன்றிரண்டு கேஸ் நடத்துவேன். இரண்டு மாநிலத்துக்கும் வக்கீல் என்ற தலைக்கனம் எனக்கு நிறையவே இருந்தது.

காரக்கோணத்தில் தையல் மிஷின் வைத்துப் பிழைத்த ஒரு அக்கா என்னிடம் வந்தார். அவருடைய அண்ணன், வரி விஷயம் என்று சொல்லி ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கூட்டிப்போய் அவரிடம் கையெழுத்து வாங்கியிருந்தார். களியக்காவிளைப் பக்கம் இருந்த அக்காவின் பங்கு நிலத்தை அண்ணனுக்கே விட்டுக்கொடுக்கும் பத்திரம் அது. அவருக்கு இருந்ததே அந்தத் துண்டு நிலம்தான்.

ஏமாற்று தெரிந்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். கடைசி நாள் ஓண விடுமுறைக்குள் விழுந்தது. கோர்ட் மூடியிருந்தால் திறக்கிற அன்று போடலாம் என்பது சட்டம். பத்து நாள் லீவு என்று நானும் அடைப்பிரதமன் பாயசம் குடித்துவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

லீவு எங்கள் கோர்ட்டுக்கு. நிலம் கிடந்தது தமிழ்நாட்டில். வழக்குப் போடவேண்டியது குழித்துறையில். லீவு முடிந்து அங்கே போய்க் கேஸ் கட்டை நீட்டியதும் குமாஸ்தா தேதியைப் பார்த்தார்.

"ஓணத்துக்கு நாங்க எதுக்கு சாரே பத்து நாள் பூட்டணும்?"

கடைசி நாளில் அந்தக் கோர்ட் திறந்தே இருந்தது. அந்தத் தாமதத்துக்குச் சட்டத்தில் மன்னிப்பு கிடையாது.

"கேஸ் நிக்காதுன்னு மட்டும் பார்ட்டிகிட்ட சொல்லு மக்கா. அது பொய்யில்லையாக்கும்" என்றார் என் சீனியர். அப்படியே சொன்னேன். அக்கா கும்பிட்டார். "சாரு பாடுபட்டீங்களே, அது போதும்." நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சில வருஷம் கழித்து, டாக்டர்களைப் போல வக்கீல்களையும் நுகர்வோர் கோர்ட்டுக்கு இழுக்கப்போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியது. வக்கீல்கள் அறைக்கு ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட் வந்தார். நம் தவறால் கட்சிக்காரருக்கு நட்டம் வந்தால் கம்பெனி ஈடு கொடுக்குமாம். "முதல்ல ஜட்ஜிக்குக் குடும் ஓய்" என்று எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே ஒரு படிவம் வாங்கினேன்.

அதில் ஒரு கேள்வி: இதற்குமுன் உங்கள் கவனக்குறைவால் யாருக்காவது நட்டம் ஏற்பட்டதா?

"யாரும் கேட்டு வரல்லன்னா இல்லைன்னு போடுங்க சாரே. பழைய தப்புக்குப் பாலிசி கிட்டாது" என்றார் ஏஜென்ட்.

பேனா ஓடவில்லை. மறுநாள் காரக்கோணத்துக்கு பஸ் ஏறினேன். அக்கா மிஷினில் இருந்தார். நாள் தவறவிட்டது நான்தான், கோர்ட் உங்கள் கேஸைக் கேட்கவே இல்லை என்று சொல்லி முடித்தேன். திட்டினால் தேவலை என்று நின்றேன்.

அக்கா மிஷினிலிருந்து கையை எடுத்தார்.

"அண்ணன் ஏமாத்தல்லன்னு கோர்ட்டே சொல்லியாச்சுன்னுல்லா நான் நெனச்சேன். கள்ளப்பழி போட்டுட்டேனேன்னு போயி, அவன் காலப் பிடிச்சு மாப்பு கேட்டேனே சாரே."

படிவத்தில் 'உண்டு' என்று எழுதினேன். விவரம் கேட்டிருந்த இடத்தில் நிலத்தின் சர்வே நம்பரை எழுதினேன். மற்றதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை.