முட்டைக்கோஸ் என்ற பெயரைக் கழற்றியவர்

அவர் பிளாஸ்டர் வார்த்துத் தூண் தலைகள் செய்பவர். மேல்நாட்டுத் தூண்களின் உச்சியில் இருக்குமே, அகாந்தஸ் என்ற செடியின் சுருண்டு விரியும் இலை அடுக்கு, அதுதான் அவருடைய சரக்கு. அச்சைப் பார்த்து அச்சு, அதிலிருந்து இன்னோர் அச்சு என்று எடுத்ததில் இலையின் பல்லும் நரம்பும் மழுங்கிப் போயிருந்தன. செடியை அவர் பார்த்ததே இல்லை.

சினிமா தியேட்டர் வைத்திருக்கும் அவருடைய மச்சான் ஒரு நாள் பத்துப் பேர் முன்னால் கேட்டார்: "தூண் மேல கோஸ் நல்லா வெளஞ்சிருக்கே மச்சான், பறிச்சிரலாமா?"

அன்றிலிருந்து ஊருக்கே அவர் முட்டைக்கோஸ்.

அதே மச்சான் தியேட்டரின் முன்கூடத்தைப் புதுப்பிக்கும் வேலையையும் அவருக்கே கொடுத்தார். இந்தப் பெயரை உதற இதைவிட்டால் வழியில்லை என்று நர்சரிக்குப் போய் நிஜச் செடியையே வாங்கினார். உச்சி வெயிலில் ஸ்கூட்டரின் பின்னால் கட்டிப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். வந்து பார்த்தால் இலைகள் எல்லாம் தொட்டியின் விளிம்பில் தொங்கிக் கிடந்தன.

அவர் மனைவி எட்டிப் பார்த்தார். "இதையா இத்தன வருஷம் செஞ்சீங்க? ஒரு ஜாடையும் இல்லையே!"

"நிஜம் இப்படித்தான் இருக்கும்போல. நாமதான் இலையச் சும்மா தூக்கித் தூக்கி வச்சுட்டோம்."

தொங்கிய இலைகளிலேயே நரம்பு நரம்பாக அச்செடுத்து, தியேட்டர் தூண்களுக்கெல்லாம் வார்த்து வைத்தார். தொட்டியைக் குழாயடியில் தள்ளிவிட்டு மறந்தும் போனார். குழாயோ ஒழுகும் குழாய்.

திறப்பு நாள் காலையில் முகம் கழுவக் குழாயடிக்குப் போனார். செடி, போட்டோவுக்கு நிற்கும் மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றது.

தியேட்டருக்கு ஓடினார். மச்சான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோஸ் இல்ல மச்சான், ஒத்துக்கறேன். ஆனா இதெல்லாம் எதுக்கு அழுவுது?"

"படம் பாத்துட்டு வந்திருக்கும்" என்றார் கூடவே வந்த மனைவி.

தியேட்டரைக் கூட்டிப் பெருக்கும் அம்மாள் மறுநாளிலிருந்து ஒவ்வொரு தூணடியிலும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுகிறார். ஊற்றினால் நிமிரும் என்று முதலாளி சொன்னாராம்.

தூண் வார்த்தவரைக் கலைஞர் என்று சொல்ல எனக்கு இன்னும் தயக்கம்தான். இருந்தாலும், கண்ணால் கண்டதை அப்படியே வார்த்தார். அந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது ஊர் அவரை 'வாடல்' என்று கூப்பிடுகிறது. கூப்பிட்ட குரலுக்கு உடனே திரும்புகிறார். கோபம் வரவில்லையா என்று கேட்டேன்.

"எதுக்கு வரணும்? கோஸ்னு சொன்னது கேலி. இது உள்ளதுதானே?"