உத்தரத்துப் பெட்டி

குங்கிலியத்தை எண்ணெயில் இட்டுக் காய்ச்சும்போது எழுகிற, தொண்டையைப் பிடிக்கும் அந்த அடர்ந்த மணம் எங்கள் குப்பத்தில் கோடைக்கு உரியது. கரையில் கவிழ்த்துப் போட்ட தோணிகளின் பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்து அடைக்கிற நாள்களில் அது தெருவெல்லாம் நின்றிருக்கும். எங்கள் வீட்டில் மட்டும் அந்த மணம் ஐப்பசியிலும் எழுந்தது. அடைக்கப்பட்டது தோணியன்று, ஒரு மாம்பலகைப் பெட்டி. அதைப் பற்றிப் பழவேற்காட்டுப் பக்கத்தில் இன்றும் தவறான கதையொன்று உலவுவதாக அறிகிறேன். உண்மையை நேரில் கண்டவர்களில் எஞ்சியிருப்பவர் மிகச் சிலர் என்பதால், அவர்களில் ஒருத்தியாகிய நானே அதை எழுதிவைப்பது தகும் என்று கருதுகிறேன்.

எங்கள் ஊர் தோணிரேவுக்கு அடுத்து, ஏரியின் மேற்குக் கரையில் இருந்தது. கிழக்கே ஏரி, அதற்கு அப்பால் மணல் தீவு, அதற்கும் அப்பால்தான் கடல். கடலில் உருவாகும் புயல்கள் எங்களை ஒதுக்கிவிட்டு வடக்கே ஆந்திரக் கரைக்குப் போய்விடும் என்பது ஊரின் அசையாத நம்பிக்கை. "நம்ம ஊருக்கு வர்றதுக்குப் புயலுக்கு வழி தெரியாது" என்று பெரியவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். தப்பித்தவறி ஒன்று வந்தாலும் அது கிழக்கிலிருந்துதான் வர முடியும் என்பதில் எவருக்கும் ஐயம் இருந்ததில்லை. ஆகவே வீடு கட்டும்போதே மேற்குச் சுவரின் உட்புறத்தை ஒட்டி மண்ணால் ஒரு மேடை எழுப்பிவிடுவார்கள். அரிசிப் பானை, விறகு, உலர்ந்த வலை, தீப்பெட்டி என எது கெடக்கூடாதோ அது அந்த மேடையில் இருக்கும். ஊரின் முன்னெச்சரிக்கை அவ்வளவே. அதற்கு மேல் செய்வது அபசகுனம்.

என் தாயார் அதற்கு மேலும் செய்தார். அவர் ஏரியின் வடகரையில், ஆந்திரப் பக்கத்து ஊரொன்றில் பிறந்தவர். அவருடைய சிறு வயதில் அந்த ஊரைப் புயல் கொண்டுபோயிற்று என்று என் தகப்பனார், நைனா, சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர் வாயால் கேட்டதில்லை. ஐப்பசி பிறந்ததும் உத்தரத்தில் தொங்கும் அந்தப் பெட்டியை இறக்கி, எங்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளிருப்பதை மாற்றி அடுக்கி, மூடியின் விளிம்பெங்கும் குங்கிலியம் பூசுவார். பிறகு நைனா ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாகக் கயிறு பிடித்து அதை மறுபடி உத்தரத்தில் ஏற்றுவார்கள். ஏற்றும்போது பெட்டிக்குள் ஏதோ ஒன்று "கிண்" என்று ஒலிக்கும்.

அந்த ஒலி என் பிள்ளைப் பருவத்தின் பெரும் பகுதியை எடுத்துக்கொண்டது. அக்கா தனம் அதை அம்மாவின் கல்யாணக் கொலுசு என்றாள். தெருப் பிள்ளைகள் புதையல் என்றார்கள். உள்ளே உயிருள்ள ஏதோ இருக்கிறது என்பது என் கட்சி. வீட்டில் யாருமில்லாத ஒரு மதியத்தில் ஒட்டடைக் கம்பால் பெட்டியின் அடியை ஒருமுறை தட்டினேன், ஒருமுறை ஒலித்தது. இருமுறை தட்டினேன், இருமுறை ஒலித்தது. அதற்குப் பிறகு நெடுங்காலம் அந்தப் பெட்டியின் நேர்கீழே நான் படுத்ததில்லை. நைனாவைக் கேட்டால், "உங்கம்மாவ கேளு" என்பார். அம்மாவைக் கேட்டால், "தொறக்கற நாளு வரக் கூடாதுன்னு வேண்டிக்கோ" என்பார். இரண்டு விடையும் என் ஆவலை வளர்த்தனவேயன்றித் தணிக்கவில்லை.

ஊரில் எங்களைப் "பொட்டி வூட்டுக்காரங்க" என்றார்கள். அதிகம் கேலி செய்தவர் தெருக்கோடியில் இருந்த அஞ்சலை அத்தை. நைனாவுக்குப் பெரியப்பா மகள். குங்கிலிய வாசனை எழுந்த மறுகணம் வாசலில் வந்து நிற்பார்.

"இன்னா அண்ணி, புயலுக்குப் பத்திரிகை வெச்சாச்சா?"

"வெச்சாச்சு. மொதல்ல உன் வூட்டுக்குத்தான் வரணும்னு சொல்லியனுப்பியிருக்கேன்" என்பார் அம்மா, கரண்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இருவரும் சிரிப்பார்கள். அத்தையின் மகன் முருகேசனுக்கு அக்காவைக் கேட்கிற பேச்சு எழுந்த ஆண்டில்தான் அந்தச் சிரிப்பு நின்றது. அப்போது நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். அக்காவுக்கு முருகேசன்மேல் மனம் இருந்ததை வீட்டில் எல்லாரும் அறிவோம். அதைப் பற்றிப் பேசும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. அத்தை வந்து உட்கார்ந்து, மோர் குடித்து, நைனாவிடம் சொன்னார்:

"பொண்ணுல ஒரு கொறையும் கெடையாது அண்ணே. அந்தப் பொட்டிதான் எனக்கு நெருடுது. வராதத வா வான்னு கூப்ட்டுக்கினே இருந்தா ஒரு நாளு வந்து நிக்கும். என் புள்ள தண்ணியில பொழைக்கறவன். பொட்டி கீழ எறங்கட்டும், மறுநாளே பாக்கு மாத்திக்கலாம்."

பாக்கு மாற்றினால் நிச்சயம் ஆயிற்று என்று பொருள். நைனா உத்தரத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்க்கவில்லை. அக்கா அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அம்மா அன்று முழுவதும் இறால் உரித்தார். விளக்கேற்றிய பிறகு, "எறக்குங்க" என்றார்.

பெட்டி "கிண்" என்று இறங்கியது. அதைப் பிரிக்கப் போகிறார் என்று நான் நெருங்கிப் போய் நின்றேன். அவரோ அதை மேற்கு மேடையில் வைத்து, மேலே ஒரு பழைய சேலையைப் போர்த்தினார். "எறக்கத்தான் சொன்னா. பிரிக்கச் சொல்லல" என்றார். கடலைக் கண்ணால் கண்டு அஞ்சிய அவருக்கும், ஊராரைப் போலவே, ஆபத்து என்றால் கிழக்கு என்றுதான் மனத்தில் பதிந்திருந்தது.

பாக்கு மாற்றக் குறித்த நாளுக்கு முன்பே மழை பிடித்தது. அது புயலன்று. காற்றே இல்லாத, விடாத மழை. மேற்கே எங்கோ பெய்த நீரெல்லாம் ஆரணியாற்றில் இறங்கியது. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரமோ அந்த ஆண்டு மணல் மேடிட்டுத் தூர்ந்திருந்தது. வந்த நீர் வெளியேற வழியின்றி ஏரி உப்பியது. ஆண்கள் கரையில் நின்று கிழக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விடியற்காலையில் தண்ணீர் எங்கள் முதுகுப் பக்கமிருந்து, நெல்வயல்கள் வழியாக வந்தது. ஊரிலிருந்த மண் வீடுகளில் முதலில் கரைந்து விழுந்தது மேற்குச் சுவர். காக்க வேண்டியவை என்று ஒவ்வொரு வீடும் தேர்ந்து அடுக்கிவைத்தவை யாவும் முதலில் நீரில் போயின.

நைனாவின் தோளில் இருந்தபடி நான் எங்கள் பெட்டி சுவரின் ஓட்டை வழியே வெளியேறியதைக் கண்டேன். அது மூழ்கவில்லை. அடைத்த குங்கிலியம் அதை ஒரு தோணியாகவே ஆக்கியிருந்தது. ஆடி அசைந்து, கிண் கிண் என்று ஒலித்தபடி ஏரியை நோக்கிப் போயிற்று. எனக்கு அழுகை வந்தது, வீட்டுக்காக அல்ல. உள்ளே என்ன இருந்தது என்பதை இனி அறியவே முடியாதே என்பதற்காக.

மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்தில் ஊர் முழுவதும் ஒதுங்கியது. உயிர்ச்சேதம் இல்லை. அரிசி இருந்தது, நீரில் போனது போக அள்ளிவந்த ஊறிய அரிசி. இறால் இருந்தது, வாசல்வரை தானாக வந்த இறால். நெருப்புக் குச்சி ஒன்றுகூட உலர்ந்ததாக இல்லை. "எறால் துள்ளுது, அரிசி ஊறுது, அடுப்புக்குத்தான் ஜன்னி கண்டுருச்சு" என்றார் ஒருவர். பிள்ளைகள் பற்கள் கிட்டிக்க நடுங்கிக்கொண்டிருந்ததால் சிரித்தவர்கள் குறைவு.

"நான் அன்னிக்கே சொன்னேன்" என்றார் அஞ்சலை அத்தை, யார் முகத்தையும் பாராமல்.

"எறக்கச் சொன்னதும் நீதானே அக்கா. மேலயே தொங்கியிருந்தா வந்திருக்காதோ இன்னாவோ" என்று மூலையிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தன் கல்யாணமும் சுவரோடு போயிற்று என்று அவள் முடிவுகட்டிவிட்டது அந்த முதுகிலேயே தெரிந்தது.

மழை சற்று ஓய்ந்தபோது, மிதக்கிற பாத்திரம் பண்டங்களை எடுத்துவர நைனாவும் முருகேசனும் ஒரு தோணியில் போனார்கள். தூறலில் எதிரே கோல் தூரம்கூடத் தெரியவில்லையாம். கோலூன்றுவதை நிறுத்தி, "மாமா, கேளுங்க" என்றாராம் முருகேசன். நீரில் பாதி முழுகிய வேலிக்காத்தான் புதருக்குள் எங்கோ கிண், கிண் என்றது. ஒலி வந்த பக்கமே தோணியைச் செலுத்தி, முள் கிழித்த கைகளோடு இருவரும் பெட்டியைக் கொண்டுவந்து வகுப்பறை நடுவில் வைத்தார்கள்.

அம்மா ஒரு சிப்பி ஓட்டால் குங்கிலியத்தைச் சுரண்டினார். ஊரே சூழ்ந்து நின்றது. நான் கால்களுக்கிடையே புகுந்து முன்வரிசைக்கு வந்தேன். உள்ளே ஒரு சொட்டு நீர் இல்லை. மூடி இறுகிய கண்ணாடிப் புட்டியில் தீப்பெட்டிகள். உலர்ந்த சிராய்த் துண்டுகள், அவல், சுக்கு, நைனாவின் பழைய வேட்டிகள். ஒரு பெரிய உருண்டை வெல்லம். எங்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தியது எதற்காக என்பது அப்போது விளங்கியது. மூடியின் உட்புறத்தில், குறுக்கே அடித்த ஒரு சட்டத்திலிருந்து, பித்தளை மாட்டு மணி தொங்கியது. எங்கள் வீட்டில் மாடு இருந்ததே இல்லை.

"மணி எதுக்கு அண்ணி?" என்றார் அத்தை. எனக்கு முன்னால் அவர் கேட்டுவிட்டது எனக்குப் பொறுக்கவில்லை.

"எங்க ஊருல தண்ணி வடிஞ்சப்புறம் எங்க வூட்டுப் பொட்டிய நாலு பக்கமும் தேடுனோம். கெடைக்கல. பக்கத்துலயேதான் எங்கயோ கெடந்திருக்கும். சத்தம் போடத் தெரியாதே அதுக்கு" என்றார் அம்மா. தம் ஊரைப் பற்றி அவர் பேசி நான் கேட்டது அவ்வளவுதான்.

அடுப்பு மூண்டது. அவலையும் வெல்லத்தையும் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். ஊருக்கெல்லாம் கஞ்சி வெந்தது. அஞ்சலை அத்தை நெருப்பில் கை காட்டியபடி நெடுநேரம் இருந்தார். சொன்ன சொல்லிலிருந்து எளிதில் இறங்கி வருகிறவர் அல்லர் அவர். அந்தக் குணத்தை நான் குறைவாக மதிப்பதில்லை. கஞ்சியைக் குடித்துவிட்டுத் தட்டைக் கீழே வைத்தார்.

"ஏன் அண்ணி, இவ்ளோ வெச்ச பொட்டியில பாக்கு வெச்சியா?"

அக்கா சுவரிலிருந்து திரும்பினாள். அம்மா வேட்டிகளுக்கு அடியில் கைவிட்டு, ஒரு சிறு துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தார், கொட்டைப் பாக்கு.

"பாக்கு கீது. வெத்தல வெச்சா வாடிப்பூடும். அத நீ எடுத்துக்கினு வா" என்றார்.

தண்ணீர் வடிந்ததும் பொன்னேரிக்குப் போன முதல் பேருந்தில் அத்தை வெற்றிலை வாங்கப் போனார். தை மாதத்தில் கல்யாணம் நடந்தது.

புயலைக் கூப்பிட்ட வீடு என்று எங்களைச் சொல்கிறவர்கள் இரண்டு செய்திகளைக் கருத வேண்டும்: வந்தது புயலன்று, வந்த திசையும் எவரும் நினைத்ததன்று. இன்று அந்தக் குப்பத்தில் மண் வீடுகள் இல்லை, மேற்கு மேடைகளும் இல்லை. தோணிகள் பைபருக்கு மாறியதால் கோடையிலும் குங்கிலியம் மணப்பதில்லை. பெட்டி அக்கா வீட்டில் நெடுங்காலம் இருந்து, கரையான் பிடித்துப் போயிற்று. எச்சரிக்கைகள் இப்போது கைப்பேசியில் வருகின்றன. நான் வசிக்கும் பொன்னேரிக்கு அவை வந்தாலும் பெரும்பாலும் தூறலோடு முடிந்துவிடுகின்றன. ஆயினும் ஐப்பசியில் ஒரு பையைக் கட்டி வாசலருகே மாட்டிவைக்கிறேன். டார்ச்சு, மாத்திரைகள், புட்டியில் தீப்பெட்டி. பையின் காதில் அந்தப் பித்தளை மணி. அடியில், துணியில் முடிந்த கொட்டைப் பாக்கு.

வெற்றிலை வைப்பதில்லை. அதைக் கொண்டுவருவதற்கு யாராவது இருப்பார்கள்.