மூலையில் ஒரு மஞ்சள் வெளிச்சம்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் கரண்ட் போனால் சந்தோஷப்படுகிற ஒரே மனிதர் அவர்தான். எதிர்வீட்டு மாடியறையில் தனியாகக் குடியிருந்தார். ஒல்லி உடம்பு, பட்டன் மாற்றிப் போட்ட சட்டை. தெரு இருண்டதும் டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடுவார். வானத்தின் ஒரே இடத்தை நூறு தடவை படமெடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் கேலக்ஸி துலங்குமாம். அவர் யாரோடும் பேசி நான் பார்த்ததில்லை.

ஒருநாள் மளிகைக்கடை வாசலில் என்னை நிறுத்தி, போனில் ஒரு படம் காட்டினார். நடுவில் பஞ்சுப்பிசிறு போல ஆண்ட்ரோமெடா கேலக்ஸி. மூலையில் மஞ்சளாக ஒரு வெளிச்சம்.

“இது என்ன நட்சத்திரம்?” என்று கேட்டேன்.

“அது நீங்கதான் சார். கரண்ட் போன அன்னைக்குத் துணி எடுக்க வந்து, இன்வெர்ட்டர்ல மாடி லைட்டைப் போட்டீங்க.”

எனக்கு வெட்கமாகிவிட்டது. “மன்னிச்சுக்குங்க. கெட்டுப்போன படத்தை அழிச்சிருக்கலாமே?”

“அழிக்கிறதுதான் வழக்கம்” என்றார். “ஆனா இத்தனை வருஷத்துல என் படத்துல மனுஷ நடமாட்டம் இது ஒண்ணுதான் சார்.”

இப்போதும் கரண்ட் போன நேரத்தில் துணி எடுக்கப் போனால், லைட்டைப் போடுவதா வேண்டாமா என்று தெரியாமல் சுவிட்சில் கைவைத்தபடி நின்றுவிடுகிறேன்.